வண்டியோடு ஓடிய குதிரையை மறுபடி பூட்டலாமா?

கால்நடைப் பக்கம் – வாசகர் கேள்விகள்

அந்தியூர் வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறது. ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம், இரண்டு கறவை மாடு. இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினார்கள். நகையை அடகு வைத்து வாங்கிய குதிரை. பழைய ஜட்கா ஒன்றைப் பிடித்து, சாரட்டு மாதிரி அலங்காரம் செய்து கல்யாண ஊர்வலங்களுக்கு விட்டால் வட்டியாவது கட்டலாம் என்று கணக்கு. “வண்டி பழகின குதிரை” என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்திருக்கிறார்.

முதல் சில ஓட்டங்கள் குறையில்லாமல் போயின. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து திரும்பும்போது, பின்னால் வந்த டிராக்டரின் காலி டிரெய்லர் குழியில் இறங்கித் தடால் என்று சத்தம் போட்டது. குதிரை வண்டியோடு பிய்த்துக்கொண்டு ஓடியது. வாய்க்கால் கரையில் வண்டி கவிழ்ந்து ஏர்க்கால் ஒன்று முறிந்தது. ஓட்டிய மகனுக்குத் தோள் எலும்பில் விரிசல். குதிரைக்குப் பின்னங்காலில் தோல் உரிந்த காயம், அது ஆறிவிட்டது. ஆனால், இப்போது வண்டியைக் கொட்டடிப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாலே நடுங்குகிறதாம், கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வருகிறதாம்.

முள் வைத்த கடிவாளம் போட்டு இரண்டு நாள் பட்டினி போட்டால் அடங்கிவிடும் என்பது விற்றவர் சொன்ன யோசனை. அடுத்த சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறார்கள் பங்காளிகள். தை மாதத்தில் மூன்று கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. தைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. மறுபடி பூட்டலாமா, தைக்குள் தயாராகுமா என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தயாராகாது. முன்பணத்தை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. அது கையைக் கடிக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் மாப்பிள்ளை, பெண், மடியில் ஏறிக்கொள்ளும் குழந்தைகள் என்று வண்டியில் உட்கார்ந்திருக்க, வெடிச் சத்தத்துக்கு நடுவே இந்தக் குதிரை இன்னொரு முறை ஓடினால் ஏர்க்கால் முறிவதோடு நிற்காது. இரண்டு மாதம் முன்னால் சொன்னால் அவர்களும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமானது. குதிரை ஏன் ஓடியது என்று புரிந்தால்தான் என்ன செய்வது என்பதும் புரியும்.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். பார்க்க முடியாத இடங்கள் முக்கியமாக இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதி, வாலுக்கு நேர் பின்னால் ஒரு பகுதி. வண்டி வந்து நிற்பது அந்தப் பின்பகுதியில்தான். பயம் வந்தால் மாடு பெரும்பாலும் நின்று முட்டப் பார்க்கும், அல்லது கொஞ்ச தூரம் விலகிப் போய்த் திரும்பிப் பார்க்கும். குதிரை முதலில் ஓடும். ஓடித் தப்பித்த பிறகுதான் திரும்பிப் பார்க்கும். ஆள் ஏறி ஓட்டும் குதிரை மிரண்டு ஓடினால், பயந்த பொருள் பின்தங்கிப் போகிறது. நூறடி ஓடியதும் தானே நிதானப்படும். வண்டியில் பூட்டிய குதிரைக்கு அந்த வழி இல்லை. அது எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக வண்டியும் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறது. சக்கரச் சத்தம் கூடுகிறது, ஏர்க்கால் விலாவில் இடிக்கிறது. ஓட ஓடப் பயம் கூடும். அதனால்தான் வண்டியோடு ஓடிய குதிரையை லகானை இழுத்து நிறுத்துவது அவ்வளவு கஷ்டம்.

சந்தையில் ‘வண்டி பழகினது’ என்று சொல்வதில் பல அர்த்தம் உண்டு. நடனத்துக்கும் ஊர்வலத்துக்கும் பழக்கிய குதிரையை நாலு நாள் வண்டியில் கட்டி இழுக்க வைத்துவிட்டு அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இழுக்கிறது என்பதும் பழகியிருக்கிறது என்பதும் வேறு வேறு. பின்னால் வரும் சத்தம், இடி, உரசல் எதுவும் தன்னை ஒன்றும் செய்யாது என்று குதிரை நம்பியிருந்தால்தான் அது பழகிய குதிரை. இந்தப் பெட்டைக் குதிரைக்கு அந்த நம்பிக்கை அரைகுறையாகத்தான் இருந்திருக்கும் போலத் தெரிகிறது. டிரெய்லர் சத்தம் அதையும் கெடுத்துவிட்டது.

இந்த நிலையில் முள் கடிவாளம் போட்டால் என்ன ஆகும்? பின்னால் பயம், முன்னால் வாயில் வலி. ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் குதிரை நட்டுக்க நிற்கும், இல்லை மல்லாந்து விழும். ஏர்க்காலுக்குள் நட்டுக்க நிற்கும் குதிரை, ஓடும் குதிரையைவிட ஆபத்தானது. அதோடு, முள்ளும் கூர்முனையும் வைத்த கடிவாளத்தையும் சேணத்தையும் 1965-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. பட்டினி போடுவது இன்னும் மோசம். குதிரையின் இரைப்பை சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கு ஏற்ற வயிறு அது. பட்டினி போட்டுவிட்டு மொத்தமாகக் கொள்ளு வைத்தால் வயிற்று வலியில் விழுந்து புரளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை உப்பினால் உயிருக்கே ஆபத்து.

பழக்குவதற்கு முன், குதிரையைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயம் என்று நினைப்பது வலியாகவும் இருக்கலாம். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தால் கடிவாளம் பட்டாலே தலையை உதறும். முதுகில் சேணம் உட்காரும் இடத்தையும், வயிற்று வார் படும் இடத்தையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். காதைப் பின்னால் மடித்தாலோ தோலைச் சிலிர்த்தாலோ அங்கே நோவு இருக்கிறது. கவிழ்ந்த வண்டியில் மாட்டிய குதிரை என்பதால் இடுப்பும் முதுகுத்தண்டும் சரியாக இருக்கிறதா என்று நடக்க விட்டு, ஓட விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளூர் மருத்துவருக்குக் குதிரையில் அனுபவம் குறைவு என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம். காயம் ஆறிவிட்டது என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. டெட்டனஸ் என்கிற ரண ஜன்னி கால்நடைகளில் குதிரையைத்தான் மிகச் சுலபமாகப் பிடிக்கும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டுப் போட்டுவிட வேண்டும். சினை இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம்.

வேலை இல்லாமல் நிற்கும் இந்த நாட்களில் கொள்ளைக் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்ட வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு வேலை செய்யும் குதிரையின் தீவனத்தைப் போட்டுவிட்டு, துள்ளுகிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.

அடுத்து, மாட்டும் சாமான்களைப் பார்க்க வேண்டும். மார்ப்பட்டை உட்கார வேண்டிய இடம், தோள் எலும்பு முனைக்குச் சற்று மேலே, மூச்சுக்குழலுக்குக் கீழே. மேலே ஏறினால் மூச்சை அடைக்கும். கீழே இறங்கினால் தோள் அசைவைத் தடுக்கும். பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரித்த கை தட்டையாக நுழைய வேண்டும். பல ஜட்காக்களில் இல்லாத ஒன்று, பின் தொடையைச் சுற்றி வரும் பட்டை. இறக்கத்தில் வண்டி முன்னால் வந்து தள்ளும்போது அதைத் தாங்கி நிறுத்துவது அதுதான். அது இல்லையென்றால் வாய்க்கால் பாலம் இறங்கும் ஒவ்வொரு முறையும் வண்டி குதிரையின் பின்புறத்தில் வந்து இடிக்கும். இந்தக் குடும்பத்தின் வண்டியில் அது இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் ஏர்க்காலை மாற்றும்போதே தைத்துப் போட்டுவிட வேண்டும்.

இரட்டைச் சக்கர வண்டியில் பாரம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். ஜட்காவில் போன பெரியவர்களுக்கு, ‘கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காருங்க’ என்று வண்டிக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பது நினைவிருக்கும். அது வீண் அதிகாரம் இல்லை. பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் ஏர்க்கால் மேலே தூக்கி, வயிற்று வார் குதிரையை அறுக்கும். முன்னால் வந்தால் மொத்தப் பாரமும் முதுகில் இறங்கும். மேடு ஏறும்போது முன்னால், இறங்கும்போது பின்னால் என்று அவர் ஆட்களை நகர்த்திக் குதிரையின் முதுகைக் காப்பாற்றினார். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நிலையில் ஏர்க்கால் முனையைக் கையால் தூக்கிப் பார்த்தால் லேசாகத் தூக்க வரவேண்டும். கல்யாண அலங்காரம், பின்பக்கம் மாட்டும் பேட்டரி, விளக்குச் சட்டம் இவை எல்லாம் இந்தக் கணக்கைக் குலைக்கும்.

இனிப் பழக்குவது. ஏற்கெனவே வண்டி இழுத்த குதிரைதானே என்று பாதியிலிருந்து தொடங்கக் கூடாது. வண்டியையே பார்க்காத குட்டி மாதிரி நினைத்து அடியிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் போதும். நாள் தவறாமல் ஒரே ஆள், அதே குரல்.

முதலில் முகக்கயிற்றைப் பிடித்து நடத்துவது. ‘நட’, ‘நில்’, ‘பின்னே’ என்று மூன்று சொல் போதும்; எந்தச் சொல்லாக இருந்தாலும் மாற்றக் கூடாது. ‘நில்’ என்றால் கயிறு இழுக்காமலே நிற்க வேண்டும். இந்த ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் போனாலும் போகட்டும். பின்னாளில் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது கையில் லகான் இருக்கிறது. ஆனால், குதிரையின் காதுக்குள் போவது குரல்தான். அதற்குப் பிறகு சேணமும் கடிவாளமும் மாட்டி, இரண்டு நீளக் கயிற்றை லகானாகக் கட்டி, பின்னால் நடந்துகொண்டே ஓட்ட வேண்டும். உதைக்கு எட்டாத தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நடப்பது நல்லது. வயல் வரப்பு, தென்னந்தோப்பு, ஊர்ப் பாதை என்று இப்படியே பல மைல் நடக்கலாம். ஏர் ஓட்டிப் பழகிய கைக்கு இது கஷ்டமில்லை. மாட்டை அதட்டும் குரலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

சத்தம் பழக்குவதுதான் இந்தக் குதிரைக்கு உயிர்நாடி. ஒருவர் குதிரையை நடத்த, இன்னொருவர் இருபதடி தள்ளிப் பக்கத்தில் காலி டின்னை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். குதிரை காதை மட்டும் திருப்பிவிட்டு நடந்தால் பத்தடிக்கு வரலாம். தலையைத் தூக்கி மூக்கு விடைத்தால் மறுபடி இருபதடிக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் பழகிய பிறகு பின்னால், முதலில் தூரத்தில், பிறகு நெருங்கி. இந்தக் கட்டத்தில் எதையும் குதிரையோடு கட்டக் கூடாது. மிரண்டால், டின்னை இழுப்பவர் நின்றால் சத்தம் நின்றுவிடும். தான் நின்றாலும் அது நிற்கிறது என்று குதிரை கண்டுகொள்ளும். முன்பு ஓடியபோது அதற்குக் கிடைக்காத பாடம் அதுதான்.

டின்னுக்குப் பிறகு பழைய டயர். இழுவைக் கயிற்றில் முடிச்சுப் போடாமல், கயிற்றின் நுனியை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், கெட்டால் விட்டுவிடலாம். சில நாள் அமைதியாகப் போன பிறகுதான் கட்டுவது. அடுத்து இரண்டு மூங்கிலை ஏர்க்கால் மாதிரி இரண்டு பக்கமும் மாட்டித் திருப்பிப் பழக்க வேண்டும். ஏர்க்காலுக்குள் இருக்கும் குதிரை உடம்பை வளைத்துத் திரும்ப முடியாது. காலைக் குறுக்கே மாற்றி வைத்துத்தான் திரும்ப வேண்டும். விலாவில் மூங்கில் உரசுவதையும் அப்போதே பழகிவிடும்.

வண்டி கடைசியில். முதலில் ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு குதிரைக்கு முன்னால் போக, குதிரை பின்தொடரட்டும். தன்னைத் துரத்தியது இப்போது தனக்கு முன்னால் ஓடுவதைப் பார்ப்பதில் குதிரைக்கு ஒரு தைரியம் வரும். பிறகு பக்கத்தில், பிறகு பின்னால். பூட்டும் முதல் நாள் உழுத மண்ணில், லேசான ஏற்றத்தில், காலி வண்டியாக இருக்க வேண்டும். தலைப்பக்கம் இரண்டு ஆள். பத்தடி நடந்து நின்றால் அன்றைக்குப் போதும், அவிழ்த்துவிடலாம்.

பூட்டும் முறையில் ஒரு விதி இருக்கிறது, பழைய ஜட்காக்காரர்கள் மாற மாட்டார்கள். குதிரையைப் பின்னால் தள்ளி வண்டிக்குக் கொண்டுபோகாமல், வண்டியைக் குதிரைக்குக் கொண்டுவர வேண்டும். லகான் கைக்கு வந்த பிறகுதான் ஏர்க்கால். பிறகு இழுவை வார், தொடைப்பட்டை, வயிற்று வார். அவிழ்க்கும்போது தலைகீழ் வரிசை. வண்டி முழுக்கக் கழன்று, தள்ளி வைத்த பிறகுதான் கடிவாளத்தில் கை வைக்க வேண்டும். தண்ணீர் காட்டலாம் என்று வண்டியில் பூட்டியிருக்கும்போதே கடிவாளத்தைக் கழற்றினால், கண்பட்டையும் அதோடு கழன்றுவிடும். அதுவரை மறைந்திருந்த வண்டி திடீரென்று கண்ணில் படும். பிடிக்கவும் ஒன்றும் இருக்காது. அனுபவம் உள்ளவர்கள் கையிலிருந்தே குதிரைகள் இப்படி ஓடியிருக்கின்றன. ஆள் இல்லாமல் பூட்டிய குதிரையை மரத்தில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவதும் இதே கதைதான்.

மேளத்துக்கும் வெடிக்கும் பழக்குவது வேறு வேலை. கோயிலில் மேளம் அடிக்கும் நாளில், தூரத்தில் சத்தம் கேட்கும் இடத்தில் புல்லைப் போட்டு நிறுத்தினால் போதும். சாப்பாட்டை நிறுத்தாத தூரம்தான் சரியான தூரம். நாளாக நாளாக நெருங்கலாம். வெடிக்கு எந்தக் குதிரையையும் முழுக்க நம்ப முடியாது. ஊர்வலம் பேசும்போதே குதிரைக்குப் பக்கத்தில் வெடி வைக்கக் கூடாது என்று பேசிவிட வேண்டும். தலைப்பக்கம் ஒரு ஆள் கட்டாயம் நடக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்துக்கு வண்டியைக் கொண்டு போக வேண்டாம்.

இதற்கெல்லாம் மூன்று மாதத்துக்குக் குறையாது; ஆறு மாதமும் ஆகலாம். மகனுக்குத் தோள் சேர்ந்து, கைக்குப் பழைய பலம் வரும்வரை அவர் லகானைத் தொடாமல் இருக்கட்டும். ஓட்டுகிறவர் பயந்தால் அது லகான் வழியாகக் குதிரையின் வாய்க்குப் போய்விடும். ஆறு மாதத்துக்குப் பிறகும் காலிச் சக்கரச் சத்தத்துக்கே உடம்பு நடுங்கினால் இந்தக் குதிரை வண்டிக்கு இல்லை. ஏறி ஓட்டுவதற்கோ குட்டிக்கோ வைத்துக்கொள்ளலாம். விற்பதாக இருந்தால் வாங்குபவரிடம் நடந்ததைச் சொல்லித்தான் விற்க வேண்டும். விலை குறையும். சொல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதை இந்தக் குடும்பமே அனுபவித்திருக்கிறது.

*

பழனிப் பக்கத்து வாசகர் ஒருவர், வீட்டில் சும்மா கிடக்கும் ஒற்றை மாட்டு வண்டியில் மட்டக்குதிரையைப் பூட்டலாமா, நுகத்தையே பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார்.

நுகம் ஆகாது. நாட்டு மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகம் அதற்கு முன்னால் தங்கி நிற்கும். குதிரைக்குத் திமில் இல்லை. நுகத்தை நிறுத்தக் கழுத்தில் கயிறு கட்ட வேண்டியிருக்கும். இழுக்க இழுக்க அது தொண்டையை இறுக்கும். குதிரையின் பலம் நெஞ்சிலும் தோளிலும் இருக்கிறது. சீனாவில் ஹான் அரசர்கள் காலத்திலேயே, அதாவது ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, மார்ப்பட்டை போட்டு வண்டி இழுக்க வைத்தார்கள். ஐரோப்பாவுக்கு அது வந்து சேரப் பல நூற்றாண்டு ஆனது. மாட்டு வண்டியின் பாரமும் மட்டக்குதிரைக்கு அதிகம். பழனியில் பக்தர்களை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளின் உயரத்தையும் ஏர்க்கால் நீளத்தையும் பார்த்து, அந்த அளவில் புதிதாகச் செய்துகொள்வதே சரி.

அவரே வேலை நேரத்தையும் கேட்டிருக்கிறார். மேலே சொன்ன 1965 விதிகளின்படி, ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளை இல்லாமல் தொடர்ச்சியாக 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. ஓட்டுபவரையும் 6 வயதுக்குக் கீழான குழந்தைகளையும் சேர்க்காமல் நான்கு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. இது சட்டம் போட்ட உச்ச அளவு. சித்திரை வெயிலில் மட்டக்குதிரைக்கு அதில் பாதியே அதிகம். ஓட்டம் முடிந்து வந்ததும் பத்து நிமிடம் மெதுவாக நடத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டலாம். கொள்ளு மட்டும் உடம்பு ஆறி, மூச்சு நிதானமான பிறகு.